ஆர் மொழி: அணியிலிருந்து ஒரே ஒரு நிரை தேறும்போது மட்டும் கணக்கு நிற்பது ஏன்?

கேள்வி: மழைக்கணக்கு

வணக்கம். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் என்னும் கணினி மொழியில், அணியின் உறுப்புகளைச் சுட்டெண் (இடத்தைக் காட்டும் எண்) கொண்டு எடுப்பதில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. தனித்தனியாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்று நினைப்பதால் ஒரே இழையில் கேட்கிறேன். அலுவலகத் தரவை வெளியே பகிர இயலாது. ஆகவே ஆருடன் சேர்ந்தே வரும் இரண்டு அணிகளை எடுத்துக்கொள்கிறேன். படிப்பவர்கள் தங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

முதலாவது விஏடெத்ஸ் என்னும் சிறிய அணி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1940ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தனர் என்ற விகிதம் அதில் உள்ளது. ஐந்து வயதுப் பிரிவுகள் நிரைகளாகவும், ஊரக ஆண், ஊரகப் பெண், நகர ஆண், நகரப் பெண் என்ற நான்கும் அதே வரிசையில் நிரல்களாகவும் அமைந்துள்ளன.

50-54: 11.7, 8.7, 15.4, 8.4
55-59: 18.1, 11.7, 24.3, 13.6
60-64: 26.9, 20.3, 37.0, 19.3
65-69: 41.0, 30.9, 54.6, 35.1
70-74: 66.0, 54.3, 71.1, 50.0

நகர ஆண்களின் விகிதம், அதாவது மூன்றாம் நிரல், ஒரு வரம்பைத் தாண்டும் நிரைகளை மட்டும் எடுத்து, அவற்றின் நிரல் சராசரிகளைக் காண்பது என் நோக்கம்.

ம <- விஏடெத்ஸ்
த <- ம[ம[, 3] > 30, ]
கோல்மீன்ஸ்(த)

வரம்பு 30 எனில் மூன்று நிரைகள் தேறுகின்றன. சராசரிகள் சரியாக வருகின்றன. வரம்பை 80 ஆக்கினால் ஒரு நிரையும் தேறுவதில்லை. அப்போதும் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல், எண் அல்ல என்று பொருள்படும் என்ஏஎன் நான்கு முறை வருகிறது. ஆனால் வரம்பு 60 எனில், கடைசி நிரை ஒன்று மட்டும் தேறும்போது, உள்ளீடு குறைந்தது இரண்டு பரிமாணம் உடையதாக இருக்க வேண்டும் என்ற செய்தியுடன் கணக்கு நின்றுவிடுகிறது. மூன்று நிரைக்கும் ஓடுகிறது, சுழி நிரைக்கும் ஓடுகிறது, ஒன்றுக்கு மட்டும் ஓடவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது வால்கனோ. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள மவுங்கா ஃபாவ் என்னும் எரிமலைக் குன்றின் உயரங்களைப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்களாகத் தரும், 87 நிரைகளும் 61 நிரல்களும் கொண்ட அணி. இதில் மூன்று இடங்களின் உயரம் மட்டும் எனக்கு வேண்டும்: 10ஆம் நிரையின் 5ஆம் நிரல், 40ஆம் நிரையின் 30ஆம் நிரல், 87ஆம் நிரையின் 61ஆம் நிரல்.

வ <- வால்கனோ
வ[சி(10, 40, 87), சி(5, 30, 61)]

மூன்று எண்களை எதிர்பார்த்த இடத்தில் மூன்றுக்கு மூன்று அணியாக ஒன்பது எண்கள் வருகின்றன. எனக்கு வேண்டியவை அதன் மூலைவிட்டத்தில் இருப்பதால் டயக் ஃபங்ஷனைக் கொண்டு அவற்றை எடுத்துவிடலாம். ஆனால் உண்மைத் தரவில் இடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஃபார் சுழற்சி எழுதாமல் இதைச் செய்ய முறையான வழி உண்டா?


பதில் 1: நிரைநிரல்

முதல் ஐயத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். இரண்டாவதைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ஆரில் அணி என்பது தனிப்பட்ட ஒரு தரவு அமைப்பு அன்று. உறுப்புகள் அனைத்தும் நீளமான ஒரே வெக்டராக, அதாவது ஒற்றை வரிசையாகத்தான் நினைவகத்தில் கிடக்கின்றன. அந்த வெக்டரின்மீது பரிமாணங்களைச் சொல்லும் டிம் என்ற பண்பு ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. விஏடெத்ஸ் என்பது இருபது எண்களின் வெக்டர். அதன் டிம் பண்பு 5, 4 என்று சொல்வதால் ஆர் அதை ஐந்துக்கு நான்காகக் காட்டுகிறது. அந்தப் பண்பை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் இருபது எண்கள்.

சதுர அடைப்புக்குறியால் ஒரு பகுதியை எடுக்கும்போது, விடையின் பரிமாணங்களில் எதன் நீளம் சரியாக 1 ஆகிறதோ அந்தப் பரிமாணத்தை ஆர் தானாகவே உதிர்த்துவிடும். ஒரு நிரை மட்டும் தேறினால் கிடைக்க வேண்டியது ஒன்றுக்கு நான்கு அணி. ஆனால் அந்த ஒன்று உதிர்ந்து, டிம் பண்பும் போய், நான்கு எண்கள் கொண்ட வெக்டர் மட்டுமே உங்கள் கையில் வருகிறது. நிரல்களின் பெயர்கள் அந்த வெக்டரின் பெயர்களாக ஒட்டிக்கொள்வதால் திரையில் பார்க்கும்போது ஓரளவு அணி போலவே தெரியும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. சுழி நிரை தேறும்போது பரிமாணத்தின் நீளம் 0, ஒன்று அன்று. ஆகவே எதுவும் உதிர்வதில்லை, சுழிக்கு நான்கு அணி ஒழுங்காக அணியாகவே நிற்கிறது. நீங்கள் கண்ட முரண் முழுவதும் இதனால் வந்தது.

உதிர்க்காதே என்று டிராப் மூலம் சொல்வதே தடுக்கும் வழி:

த <- ம[ம[, 3] > 60, , டிராப் = ஃபால்ஸ்]

இதில் வெளி அடைப்புக்குறிக்கு உரிய காற்புள்ளிகள் இரண்டு உள்ளன என்பதைக் கவனியுங்கள். முதற்காற்புள்ளிக்குப் பின் நிரல்களுக்கான இடம் காலியாக விடப்பட்டுள்ளது. அதற்கும் அடுத்த இடத்தில்தான் டிராப் வருகிறது.

இந்தச் சிக்கலைச் சந்திப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் வேறு இரண்டு ஒட்டுவேலைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். உதிர்ந்துபோன வெக்டரை அஸ் டாட் மேட்ரிக்ஸ் கொண்டு மறுபடியும் அணியாக்குவது ஒன்று. அது உங்களுக்கு ஒன்றுக்கு நான்கு அணியைத் தராது, நான்குக்கு ஒன்று அணியைத்தான் தரும், ஏனெனில் வெக்டரை ஆர் எப்போதும் ஒரு நிரலாகவே எடுத்துக்கொள்ளும். மற்றொன்று, நிரைகளை எண்ணும், சிறிய எழுத்தில் எழுதும் என்ரோ ஃபங்ஷன் நல், அதாவது வெறுமை, என்று விடை தருகிறதே என்பதற்காகப் பெரிய எழுத்து என்ரோவுக்கு மாறுவது. அது வெக்டரையும் ஒரு நிரலாகக் கருதுவதால், ஒரு நிரை உள்ள இடத்தில் நான்கு நிரைகள் உள்ளன என்று சொல்லும். பிழைச் செய்தி நின்றுவிடும், கணக்கு மட்டும் தவறாக ஓடிக்கொண்டிருக்கும். இவ்விரண்டில் பிழைச் செய்தியே மேல்.


பதில் 2: கட்டக்கோடு

இரண்டாவது ஐயத்துக்கு நேரான வழி ஆரிலேயே இருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்துவிடும் வழி அது. அடைப்புக்குறிக்குள் நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என இரண்டு வெக்டர்களைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு நிரையையும் ஒவ்வொரு நிரலோடும் சேர்த்து ஒரு முழுக் கட்டத்தை எடுத்துத் தருமாறு நீங்கள் கேட்டதாகப் பொருள். இணை இணையாக வேண்டுமெனில், காற்புள்ளியே இல்லாமல், இரண்டு நிரல்கள் கொண்ட ஓர் அணியையே சுட்டெண்ணாகக் கொடுக்க வேண்டும். வெக்டர்களை நிரல்களாக ஒட்டி அதை ஆக்குவது சிபைண்ட்.

இ <- சிபைண்ட்(சி(10, 40, 87), சி(5, 30, 61))
வ[இ]

சுட்டெண் அணியின் ஒவ்வொரு நிரையும் ஓர் உறுப்பைக் குறிக்கும். ஆகவே மூன்று நிரைகளுக்கு மூன்று உயரங்கள். மூலைவிட்டத்தை எடுக்கும் உங்கள் முறை ஆயிரம் இடங்களுக்கு ஓடினால், பத்து லட்சம் உறுப்புகள் கொண்ட அணியை உருவாக்கி, அதில் ஆயிரத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறியும். இடதுபுறத்தில் வைத்துப் புதிய மதிப்பை இடவும் இதே வடிவம் உதவும்: வ[இ] <- 0 என்றால் அந்த மூன்று இடங்கள் மட்டும் சுழியாகும்.

உள்ளே நடப்பது எளிய கணக்குதான். முதல் நிரலை முழுவதும் வைத்து, அதன் பின் இரண்டாம் நிரலை வைத்து, ஃபோர்ட்ரான் செய்வதுபோல ஆர் நிரல் வாரியாக அடுக்குகிறது. நிரலின் எண்ணில் ஒன்றைக் கழித்து, 87ஆல் பெருக்கி, நிரையின் எண்ணைக் கூட்டினால் நீண்ட வெக்டரில் அந்த உறுப்பின் இடம் வந்துவிடும். உங்கள் மூன்று இடங்களும் முறையே 358, 2563, 5307ஆம் உறுப்புகள்; 5307 என்பது கடைசி உறுப்பு. வ[358] என்று எழுதினாலும் அதே உயரம் கிடைக்கும். எதிர்த்திசையில், வ[100] என்பது 13ஆம் நிரை, 2ஆம் நிரல். அந்தக் கணக்கை நாமே போட வேண்டியதில்லை, அரே இண்ட் என்னும் ஃபங்ஷன் செய்துவிடும்.

நிரை, நிரல் பெயர்கள் உள்ள அணியில் சுட்டெண் அணி சொற்களாலும் ஆகலாம். விஏடெத்ஸில் 50-54 நிரையும் நகர ஆண் நிரலும் ஓர் இணை, 70-74 நிரையும் ஊரகப் பெண் நிரலும் ஓர் இணை என்று பெயர்களைக் கொண்டே சிபைண்ட் செய்தால் 15.4, 54.3 என்று வரும். ஆனால் நிரைக்கு எண்ணும் நிரலுக்குப் பெயருமாகக் கலக்கக் கூடாது. ஓர் அணியில் ஒரே வகைத் தரவுதான் இருக்க முடியும் என்பதால் 5 என்ற எண்ணும் சொல்லாக மாறி, 5 என்ற பெயருடைய நிரையை ஆர் தேடும். அப்படி ஒரு நிரை இல்லை என்று நின்றுவிடும்.

இனி, உங்கள் இரண்டு ஐயங்களுக்கும் ஒரே வேர் இருக்கக்கூடும் என்றீர்களே, அது சரியாக இங்கே வந்து சந்திக்கிறது. மேலே உள்ள இ என்ற சுட்டெண் அணியிலிருந்து முதல் இடத்தை மட்டும் எடுக்க விரும்பி

வ[இ[1, ]]

என்று எழுதினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் இ[1, ] என்பதில் ஒரே நிரை தேறுவதால் பரிமாணம் உதிர்ந்து, 10, 5 என்ற வெறும் வெக்டர் ஆகிவிடும். வெக்டரைச் சுட்டெண்ணாகக் கொடுத்தால் பொருளே வேறு: அணியின் 10ஆம் உறுப்பும் 5ஆம் உறுப்பும். இரண்டும் முதல் நிரலில் உள்ளவை; நீங்கள் கேட்ட இடத்தோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை. பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது, ஓர் உயரத்துக்குப் பதிலாக இரண்டு உயரங்கள் வந்து நிற்கும். வடிகட்டிய இடங்களின் பட்டியலைச் சுட்டெண்ணாகப் பயன்படுத்தும் எந்தக் கணினிக் கோடிலும், அந்த வடிகட்டலில் டிராப் = ஃபால்ஸ் கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இணைகள் டேட்டா ஃப்ரேமில், அதாவது நிரலுக்கு நிரல் தரவு வகை மாறக்கூடிய அட்டவணையில், இருந்தால் முதலில் அஸ் டாட் மேட்ரிக்ஸ் கொண்டு அணியாக்குங்கள். டேட்டா ஃப்ரேமையே அணியின் சுட்டெண்ணாகக் கொடுத்தால் ஆர் ஏற்காது. அப்படி மாற்றும்போது நிரை, நிரல் எண்களோடு மூன்றாவதாக ஒரு நிரல், எடுத்துக்காட்டாக இடத்தின் வரிசை எண், ஒட்டிக்கொண்டு வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்டெண் அணியின் நிரல்களின் எண்ணிக்கை பரிமாணங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இல்லாவிட்டால், அதையும் ஆர் வெறும் வெக்டராக எண்ணி, ஓசையின்றி வேறு உறுப்புகளை எடுத்துத் தரும்.


மறுமொழி: மழைக்கணக்கு

இரண்டு பதில்களுக்கும் நன்றி. தொடர்ச்சியாக இரண்டு கேள்விகள். உடன் பணிபுரியும் ஒருவர் பைத்தான் மொழியில் நம்பை என்னும் எண்கணக்குத் தொகுப்பைப் பயன்படுத்துபவர். அங்கே இரண்டு பட்டியல்களைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தாலே இணை இணையாகத்தான் வரும் என்கிறார். அப்படியானால் ஆர் மட்டும் ஏன் வேறுபடுகிறது? மேலும், ஒரே நிரை என்றால் உதிர்ப்பது என்ற இயல்பை மொழியை வகுத்தவர்கள் முன்னிருப்பாக வைத்தது ஏன்? எல்லா இடங்களிலும் டிராப் = ஃபால்ஸ் எழுத வேண்டியிருந்தால், அதையே முன்னிருப்பாக வைத்திருக்கலாமே.


பதில் 3: ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்

உங்கள் நண்பர் சொல்வது சரி. நம்பையில் இரண்டு பட்டியல்களைக் கொடுத்தால் இணைகள் கிடைக்கும். முழுக் கட்டம் வேண்டுமானால் அங்கே ஐஎக்ஸ் என்ற தனி உதவியை நாட வேண்டும். ஆரில் தலைகீழாக, கட்டம் எளிது, இணைக்குத்தான் சிபைண்ட் வேண்டும். மேட்லேப் மொழி இவ்விஷயத்தில் ஆரின் பக்கம் நிற்கிறது. எது இயல்பு என்பது எதை அடிக்கடி கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. புள்ளியியல் படித்தவர் தரவு அணியைப் பார்க்கும்போது, இந்தச் சில நேர்வுகளுக்கு இந்தச் சில மாறிகள் என்றுதான் கேட்பார். அது ஒரு கட்டம்.

உதிர்ப்பதைப் பற்றி மேலே எழுதியவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. இந்த இயல்பு ஆருக்குச் சொந்தமானதன்று. அதன் முன்னோடியான எஸ் மொழியிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1976இல் எஸ் மொழியைத் தொடங்கியபோது அவர்கள் மனத்தில் இருந்தவர், முனையத்தின் முன் அமர்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டி விடையைப் பார்த்து அடுத்த வரியை எண்ணும் ஆய்வாளர். அவர் மூன்றாம் நிரலை எடுப்பது அதன் சராசரியைக் காணவோ, வரைபடம் வரையவோ. ஒவ்வொரு முறையும் ஐந்துக்கு ஒன்று என்ற அணி வந்து நின்றால் அவருக்குத் தொல்லைதான். உங்கள் கோடிலேயே பாருங்கள், ம[, 3] > 30 என்று ஒப்பிடும் இடத்தில் உங்களுக்கு வேண்டியது வெக்டர். அது உதிர்ந்து வெக்டராக வந்ததால்தான் அதை அப்படியே நிரைகளின் சுட்டெண்ணாக வைக்க முடிந்தது. ஒரே வரியில் உள்ளே உதவியும் வெளியே தொல்லையுமாக இருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? உதிர்ப்பதில் இல்லை, எப்போது உதிர்ப்பது என்று தீர்மானிக்கும் முறையில் இருக்கிறது. நம்பையிலும் உதிர்தல் உண்டு, ஜூலியா மொழியிலும் உண்டு. ஆனால் அங்கே நீங்கள் சுட்டெண்ணாக ஒற்றை எண்ணைக் கொடுத்தீர்களா, பட்டியலைக் கொடுத்தீர்களா என்பதை வைத்து முடிவாகும். ஒற்றை எண் எனில் அந்தப் பரிமாணம் போகும். பட்டியல் எனில், அதில் ஒரே ஓர் எண் இருந்தாலும் பரிமாணம் நிற்கும். எழுதும்போதே விடையின் வடிவம் தெரிந்துவிடுகிறது. ஆரால் அப்படி வேறுபடுத்த முடியாது, ஏனெனில் ஆரில் ஒற்றை எண் என்ற பொருளே இல்லை. 5 என்று நீங்கள் எழுதுவதும் ஒரு வெக்டர்தான், நீளம் ஒன்று உடைய வெக்டர். ம[5, ] என்று ஒருவர் தெரிந்தே ஒரு நிரையைக் கேட்பதும், உங்கள் வடிகட்டியில் தற்செயலாக ஒரே நிரை தேறுவதும் மொழியின் கண்ணுக்கு ஒன்றே. ஆகவே அது தேறிய எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது; அந்த எண்ணிக்கையோ தரவைப் பொறுத்து மாறுவது. கேட்கும்போது தெரியாத ஒன்று ஓடும்போது முடிவாகிறது.

இதிலிருந்து என் நடைமுறை ஒன்று உண்டு. நிரையின் எண்ணையோ பெயரையோ நானே நேரடியாக எழுதும் இடங்களில் டிராப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நிபந்தனையாலோ, வேறு கணக்கின் விடையாலோ, பயன்படுத்துபவரின் உள்ளீட்டாலோ தேர்வு நடக்கும் இடங்களில், குறிப்பாக ஃபங்ஷனுக்கு உள்ளே, டிராப் = ஃபால்ஸ் எழுதாமல் விடுவதில்லை. எல்லா இடங்களிலும் எழுதும் கோடு படிக்கச் சலிப்பூட்டும். படிப்பவருக்கு எங்கே உண்மையான ஆபத்து இருக்கிறது என்பதும் மறைந்துவிடும்.

இன்னொன்று. டேட்டா ஃப்ரேமுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று சிலர் சொல்வார்கள், பாதிதான் உண்மை. டேட்டா ஃப்ரேமில் ஒரு நிரையை எடுத்தால் டேட்டா ஃப்ரேமாகவே நிற்கும், ஆனால் ஒரு நிரலை எடுத்தால் உதிரும். டேட்டா ஃப்ரேமின் மாற்று வடிவமான டிபிள் வகையில் இரண்டுமே உதிர்வதில்லை. காற்புள்ளி இல்லாமல் மூன்று என்ற சுட்டெண்ணை மட்டும் கொடுத்தால் டேட்டா ஃப்ரேம் மூன்றாம் நிரலைத் தரும், அணி மூன்றாம் உறுப்பைத் தரும். ஒரே ஃபங்ஷன் இரண்டையும் ஏற்கும் என்று எழுதிவைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.


பதில் 4: நிரைநிரல்

ஆசிரியர் ஐயா சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். தேறிய எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வதே குறை என்பது நான் எழுதியதைவிடத் துல்லியமானது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பொறியை மழைக்கணக்கு அவர்கள் விரைவில் சந்திக்கக்கூடும் என்பதால் சேர்த்துவிடுகிறேன். வரம்பைத் தாண்டிய நிரைகளை நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை பொருந்தும் இடங்களின் எண்களைத் தரும் விச் ஃபங்ஷனைக் கொண்டு பலரும் எழுதுவது இது:

ம[-விச்(ம[, 3] > 80), ]

வரம்பு 60 எனில் கடைசி நிரை நீங்கி நான்கு நிரைகள் எஞ்சும். வரம்பு 80 எனில் எதுவும் தாண்டவில்லை. ஆகவே எதுவும் நீங்காமல் ஐந்து நிரைகளும் எஞ்ச வேண்டும். ஆனால் கிடைப்பது சுழி நிரை. விச் தந்தது வெற்று வெக்டர். வெற்று வெக்டருக்குக் கழித்தல் குறி போட்டாலும் அது வெற்று வெக்டரே. வெற்று வெக்டரைச் சுட்டெண்ணாகக் கொடுத்தால் ஒன்றும் வேண்டாம் என்றே பொருள். நீக்க வேண்டியது எதுவுமில்லை என்பதும் எடுக்க வேண்டியது எதுவுமில்லை என்பதும் ஆரின் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. விச்சைக் கைவிட்டு, நிபந்தனையின் முன் வியப்புக்குறி இட்டு மறுத்தால் போதும்:

ம[!(ம[, 3] > 80), , டிராப் = ஃபால்ஸ்]

ஆனால் தரவில் விடுபட்ட மதிப்புகள், அதாவது என்ஏ, இருந்தால் இந்த வடிவத்துக்கும் ஒரு விலை உண்டு. நிபந்தனை என்ஏ ஆகும் ஒவ்வொரு நிரைக்கும், முழுவதும் என்ஏ நிரம்பிய ஒரு நிரை விடையில் வந்து சேரும். மழைத் தரவில் விடுபட்ட நாள்கள் இல்லாமல் இருக்காது என்பதால் சொல்கிறேன். ஈஸ் டாட் என்ஏ ஃபங்ஷனால் அவற்றை வெளிப்படையாக விலக்குவதே முறை. எடுக்கும் வேலைக்கு விச் நல்லது, அது என்ஏவைத் தானே விட்டுவிடும். நீக்கும் வேலைக்குத்தான் அது ஆகாது.


பதில் 5: கட்டக்கோடு

இழை நீண்டுவிட்டாலும் காற்புள்ளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் மேலே பேசியவற்றில் பிழைச் செய்தியே தராமல் நெடுநாள் ஒளிந்திருக்கக்கூடியது இதுதான். விஏடெத்ஸில் 70-74 வயதில் விகிதம் 60ஐத் தாண்டும் நிரல்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரக ஆண் 66.0, நகர ஆண் 71.1, இந்த இரண்டும்தான் தேறும். சரியான வடிவம்:

ம[, ம[5, ] > 60]

இது ஐந்துக்கு இரண்டு அணி, பத்து உறுப்புகள். காற்புள்ளியை விட்டுவிட்டு

ம[ம[5, ] > 60]

என்று எழுதினாலும் வருவது சரியாகப் பத்து எண்கள். நான்கு உறுப்புகள் கொண்ட ஆம்-இல்லை வெக்டரை, இருபது உறுப்புகளுக்கும் எட்டும்வரை ஆர் மீண்டும் மீண்டும் சுழற்றிப் போடுகிறது. நிபந்தனை ஆம், இல்லை, ஆம், இல்லை என்று அமைந்துவிட்டதால் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை இடங்களில் உள்ள உறுப்புகள் எடுக்கப்படுகின்றன. அவை 11.7, 26.9, 66.0, 11.7, 30.9, 15.4, 37.0, 71.1, 13.6, 35.1. நடுவில் வரும் 11.7, 30.9 இரண்டும் ஊரகப் பெண்களுடையவை. கடைசி இரண்டும் நகரப் பெண்களுடையவை. ஆண்களின் சராசரி என்று எண்ணி இதற்கு மீன் ஃபங்ஷனைப் போட்டால் நம்பத்தகுந்த ஓர் எண் வரும். எண்ணிக்கையைச் சரிபார்த்தாலும் பத்துக்குப் பத்து பொருந்தும்.

நிரைகளுக்கான நிபந்தனையில் காற்புள்ளி விடுபட்டால் விளைவு வேறு. ம[ம[, 3] > 30] என்பதில் ஐந்து உறுப்புகள் கொண்ட நிபந்தனை ஒவ்வொரு நிரலிலும் சரியாக ஒருமுறை சுழல்வதால், தேற வேண்டிய அதே பன்னிரண்டு எண்கள்தான் வருகின்றன. டிம் பண்பு மட்டும் இல்லை. மொத்தச் சராசரி சரியாக வந்துவிடும் என்பதால் எழுதியவர் இதே வடிவத்தை நிரல்களுக்கும் துணிந்து எழுதிவிடுவார்.

எல்லையைத் தாண்டும் சுட்டெண்ணிலும் காற்புள்ளியே காவல். வ[88, 1] என்று கேட்டால் அப்படி ஒரு நிரை இல்லை என்று ஆர் உடனே நிறுத்தும்; வ[5308] என்று கேட்டால் ஒன்றும் சொல்லாமல் என்ஏ தரும். புதிய மதிப்பை இடும்போது இன்னும் மோசம்: வ[5308] <- 100 என்றால் வெக்டர் ஓர் உறுப்பு நீண்டு, 87க்கு 61 என்ற டிம் பண்பு இனிப் பொருந்தாது என்பதால் அது கழன்று, குன்றின் அணி முழுவதும் 5308 எண்களின் வெக்டராகிவிடும். ஆகவே ஓர் உறுப்பின் இடத்தை நீங்களே கணக்கிட்டு ஒற்றைச் சுட்டெண்ணாகக் கொடுப்பதைவிட, இரு நிரல் சுட்டெண் அணியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. அதில் எல்லை மீறினால் ஆர் நிறுத்திவிடும்.

இரண்டுக்கு மேற்பட்ட பரிமாணங்களிலும் விதிகள் இவையே. முப்பரிமாண அரேயில் இணைக்குப் பதிலாக மூன்று நிரல்கள் கொண்ட சுட்டெண் அணி வேண்டும். டிராப் அங்கே இன்னும் முரடானது: நீளம் ஒன்றாகும் எல்லாப் பரிமாணங்களையும் ஒருசேர உதிர்த்துவிடும், இதை உதிர்த்து அதை வைத்துக்கொள் என்று சொல்ல அதில் வழியில்லை. டிராப் = ஃபால்ஸ் கொண்டு எடுத்த பின், ஏபைண்ட் தொகுப்பில் உள்ள ஏடிராப் ஃபங்ஷனைக் கொண்டு வேண்டிய பரிமாணத்தை மட்டும் உதிர்க்கலாம்.